ஒரு பனியன் வந்த வழி

தில்லியில் சரோஜினி நகர்ச் சந்தைக்குச் சென்றவர்கள் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். ஆடைகள் அங்கே குன்றுகளாகக் குவிந்து கிடக்கும். ஏற்றுமதிக்காகத் தைக்கப்பட்டு ஏதோ ஒரு சிறு குறையால் ஒதுக்கப்பட்டவையும், தேவைக்கு மேல் தைக்கப்பட்டு எஞ்சியவையும் அக்குவியலில் கலந்திருக்கும். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் கயல்விழி, அங்கிருந்து கடல்நீல நிற டி-ஷர்ட் ஒன்றைத் தேடி எடுத்தாள். விலை 150 ரூபாய்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது, கழுத்தின் உட்புறத்தில் இருந்த நிறுவனப் பட்டை பாதியாக வெட்டப்பட்டிருந்தது. விலாப்புறத் தையலின் உள்ளே வேறொரு பட்டை மட்டும் தப்பியிருந்தது. அதில் ஏழெட்டு மொழிகளில் சலவைக் குறிப்புகள். கடைசி வரியில் 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நூலில் தொங்கிய அட்டையில் விலை யூரோவில் அச்சாகியிருந்தது.

"அப்பா, இது ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி வந்ததா, போகாமலே இங்கே வந்துவிட்டதா?" என்று கயல் கேட்டாள்.

துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். இடக் கையின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. "போகவில்லை, எங்கள் ஊரிலேயே தள்ளிவிட்டிருப்பார்கள்" என்றேன். அது லூதியானாவிலோ நொய்டாவிலோ தைத்ததாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் இந்தியாவிலிருந்து வெளிநாடு செல்லும் பருத்திப் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூரில் உருவாகிறது. ஆகவே என் ஊகத்தில் நியாயம் உண்டு. கொஞ்சம் ஊர்ப்பெருமையும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த ஆண்டு கோடை விடுமுறை வேலையாக, ஏதேனும் ஒரு பொருள் கச்சாப்பொருளாகத் தொடங்கிச் சந்தையை அடையும் வழியை வரைபடமாக வரைந்து வருமாறு அவள் ஆசிரியை கூறியிருந்தார். கயல் அந்த டி-ஷர்ட்டைத் தேர்ந்தெடுத்தாள். பெரிய அட்டைத்தாள் ஒன்று எங்கள் உணவு மேசையின் மீது பத்து நாள் விரிந்து கிடந்தது. தட்டுகளை நாங்கள் தரையில் வைத்துச் சாப்பிட்டோம்.

முதலில் அவள் தன் பாடநூலைத் திறந்தாள். பருத்தி ஆலைகள் பற்றிய பகுதியில் அகமதாபாத்தும் ஜப்பானின் ஒசாகாவும் அடுத்தடுத்து இருந்தன. அகமதாபாத்தைப் புரிந்துகொள்வதில் இடர்ப்பாடு இல்லை. அதைச் சுற்றிலும் பருத்தி விளைகிறது. "ஒசாகாவில் பருத்தியே கிடையாதாமே! அங்கே எதற்கு ஆலை கட்டினார்கள்?" என்றாள். இது நல்ல கேள்வி. ஒரு தொழில் ஓரிடத்தில் அமைவதற்குக் கச்சாப்பொருள் அருகில் இருந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. அதை மலிவாகக் கொண்டுவர ஒரு கப்பல் இருந்தால் போதும். 1893இல் ஜப்பானியக் கப்பல் நிறுவனம் ஒன்று பம்பாய்க்கும் கோபேக்கும் இடையே கப்பல் விடத் தொடங்கியது. அதற்குத் துணைநின்றவர் ஜாம்ஷெட்ஜி டாடா. நம் நாட்டுப் பஞ்சு அவ்வழியே சென்று, ஒசாகாவில் நூலாகித் துணியாகியது. இதைச் சொன்னவுடன் கயல் பம்பாயிலிருந்து ஜப்பானுக்கு ஒரு கோடு இழுக்க முற்பட்டாள். "அது வேறு வரைபடம்" என்று தடுத்தேன்.

எங்கள் வரைபடம் பஞ்சில் தொடங்கியது. குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் கரிசல் நிலத்தில் விளையும் பருத்தி, விதை நீக்கப்பட்டு 170 கிலோ எடையுள்ள பேல்களாக அழுத்திக் கட்டப்படுகிறது. பேல்கள் கோயம்புத்தூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்கு வருகின்றன. அங்கு ஏன் ஆலைகள் பெருகின? மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்னும் இடைவெளி இருக்கிறது. அதன் வழியே வீசும் ஈரக்காற்று நூல் அறுந்துபோகாமல் காத்தது. 1930களில் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தபின் ஆலைகள் பல்கின. இன்று ஆலைக்குள் ஈரத்தை இயந்திரமே தருகிறது. கணவாயின் காற்று தேவையில்லை. ஆனாலும் ஆலைகள் இடம்பெயரவில்லை. திறமை பெற்ற தொழிலாளர், பழுது பார்ப்பவர், நூல் வணிகர், கடன் கொடுக்கும் வங்கி என எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்த பிறகு, ஒரு தொழில் தொடங்கிய காரணம் மறைந்தாலும் தொழில் அங்கேயே நின்றுவிடுகிறது. உங்கள் பாடநூலில் உள்ள காரணிகளின் பட்டியலில் இந்தப் பழக்கத்தையும் நான் சேர்ப்பேன்.

கோவையிலிருந்து 50 கிலோமீட்டர் தொலைவில் திருப்பூர். அங்கே நூல் துணியாகிறது. தறியில் நெய்யும் துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும். பனியன் துணியில் ஒரு நூல் வளையம் வளையமாகத் தன்னைத்தானே கோத்துக்கொண்டு போகும். அதனால்தான் பனியன் இழுத்தால் நீள்கிறது. வட்டப் பின்னல் இயந்திரம் சுழலச் சுழல, துணி ஒரு நீண்ட குழாயாகக் கீழே இறங்கும். அவ்வியந்திரங்கள் ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் வருகின்றன. சாயப்பொடியில் பெரும்பகுதி குஜராத்திலிருந்து வருகிறது. ஆகவே வரைபடத்தில் திருப்பூரை நோக்கி எத்தனையோ அம்புக்குறிகள் வந்து சேர்ந்தன. 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி இவ்வளவையும் மறைத்து வைத்திருக்கிறதே என்று கயல் வியந்தாள்.

பின்னிய துணி சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பும். பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒரு டி-ஷர்ட்டை ஒருவரே தைப்பதில்லை. தோள்பட்டையை ஒருவர் இணைப்பார், கழுத்துப்பட்டியை மற்றொருவர், கை வேறொருவர், அடிமடிப்பு இன்னொருவர். தைத்து முடிந்தபின் நூல் பிசிறுகளை வெட்டுவதற்கென்றே பெண்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். என் தாயும் மூன்றாண்டுகள் பிசிறு வெட்டினார். அவர் கட்டைவிரலில் கத்தரிக்கோல் பதிந்த தழும்பு கடைசிவரை மாறவில்லை.

அதன்பின் கடல். இந்தப் பகுதியைக் கயல் மிகவும் விரும்பினாள், நானும்தான். துறைமுகங்களில் ஒரு காலத்தில் மூட்டைகளையும் பெட்டிகளையும் மனிதர்கள் ஒவ்வொன்றாகச் சுமந்து ஏற்றினார்கள். ஒரு கப்பலை நிரப்பப் பல நாட்கள் ஆகும். 1956 ஏப்ரலில் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்ற லாரி நிறுவன உரிமையாளர், 58 பெரிய உலோகப் பெட்டிகளைச் சரக்கோடு அப்படியே தூக்கி 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பலில் வைத்து, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். இன்று நாம் கன்டெய்னர் என்று அழைப்பது அதன் வழிவந்ததுதான். இப்போது 20 அடி அல்லது 40 அடி நீளமுள்ள பெட்டியைத் திருப்பூரில் பூட்டினால், அயல்நாட்டுக் கிடங்கில் திறக்கலாம். இதனால் ஒரு சட்டைக்குரிய கப்பல் கூலி மிகச் சிறிய தொகையாகிவிட்டது. திருப்பூரில் தைத்ததை ஐரோப்பாவில் விற்பது கட்டுப்படியாவதற்கு இது ஒரு பெருங்காரணம்.

பெட்டி லாரியில் 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து தூத்துக்குடியை அடைகிறது. அங்கிருந்து சிறிய கப்பல் ஒன்று அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பெரிய கப்பலில் மாற்றுகிறது. மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் இடையே உள்ள கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகவேண்டும். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெருவழியில் கொழும்பு அமைந்திருக்கிறது. 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, இதே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையேதான் கப்பல் விட்டார். இன்று அத்துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கொழும்பிலிருந்து அரபிக் கடல், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் வழியாக ராட்டர்டாம். 193 கிலோமீட்டர் நீளமுள்ள சூயஸில், 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாட்கள் வழியை அடைத்தது. 2023இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கின. அதன்பின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிச் சென்றன. எனவே கயல் இரண்டு வழிகளை வரைந்தாள்: சூயஸ் வழி தொடர்கோடாகவும், நன்னம்பிக்கை முனை வழி புள்ளிக்கோடாகவும். கரையை அடைந்ததும் சுங்க அதிகாரி பெட்டியின் தாளில் 6109 என்ற எண்ணைக் காண்பார். பின்னப்பட்ட டி-ஷர்ட்டுக்கு உலகின் பெரும்பாலான நாடுகளில் அதுவே எண். மொழி தெரியாத இரு அதிகாரிகள் இந்த எண்ணால் பேசிக்கொள்கிறார்கள்.

வரைபடம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பஞ்சுக்கு வெள்ளை, நூலுக்கு மஞ்சள், இயந்திரத்துக்குக் கறுப்பு, ஆடைக்கு நீலம் எனக் கோடுகள் அழகாக இருந்தன. தூத்துக்குடி உப்பளத்திலிருந்து திருப்பூருக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடும் இருந்தது. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். கொஞ்சநஞ்சமல்ல, மூட்டை மூட்டையாக வேண்டும். என் மாமா வேலை செய்த பட்டறைக்குத் தூத்துக்குடி உப்பு லாரியில்தான் வரும்.

கயல் அந்தச் சாம்பல் கோட்டின் மீது பென்சிலை வைத்துக்கொண்டு, "எல்லாம் உள்ளே வருகிறது, வெளியே போகிறது. உப்பு மட்டும் உள்ளே வந்து நின்றுவிட்டதே! அது சட்டையில் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"இல்லை. அலசிவிடுவார்கள்."

"அலசிய தண்ணீர் எங்கே போகும்?"

எனக்கு விடை தெரியும். எனினும், "நேரமாகிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லி விளக்கை அணைத்தேன். மறுநாளும் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. ஊர்ப்பெருமையோடு தொடங்கிய கதையை வேறு விதமாக முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த மே மாதம் நாங்கள் கேரளா எக்ஸ்பிரஸில் ஊருக்குப் புறப்பட்டோம். நாகபுரியைக் கடந்தபோது, "இதுதான் பருத்தி மண்" என்று காட்டினேன். அறுவடை முடிந்து மாதங்கள் ஆகிவிட்டதால் கரிய நிலம் வெறுமையாகக் கிடந்தது. கயலுக்கு ஏமாற்றம். இரயில் தெற்கே செல்லச் செல்ல, என் மனத்தில் அவளுக்குக் கொடுக்காத விடை கனத்துக்கொண்டே வந்தது. அன்றிரவு ஈரோட்டை நெருங்குவதற்குள் சொல்லிவிட்டேன்.

எனக்கு நான்கு வயதாக இருந்தபோது தந்தை இறந்துவிட்டார். தாய் என்னை அழைத்துக்கொண்டு தம் தந்தை வீட்டுக்கு வந்தார். தாயின் தந்தையை எங்கள் பக்கத்தில் அப்பிச்சி என்போம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் நொய்யலின் கரையில் அவருக்கு நிலம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக ஓர் அணை கட்டப்பட்டது. எங்கள் ஊர் அணைக்குக் கீழே. இனி இரண்டு போகம் விளையும் என்று அப்பிச்சி மகிழ்ந்தார்.

அணையில் தேங்கியது மழைநீர் மட்டுமன்று. திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளின் கழிவுநீரும் அங்குதான் வந்து தங்கியது. ஆற்றில் நுரை மிதக்கும். ஒரு வாரம் தண்ணீர் சிவப்பாக வரும். ஒரு வாரம் ஊதாவாக வரும். சிறுவர்களாகிய நாங்கள் கரையில் நின்று நாளைய நிறம் என்னவென்று பந்தயம் கட்டுவோம். எங்கோ ஒரு நாட்டில் அடுத்த பருவத்துக்கு என்ன நிறச் சட்டை விற்கப்போகிறது என்பதைத்தான் அந்த ஆறு காட்டிக்கொண்டிருந்தது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பிறகு சில பட்டறைகள் கழிவிலிருந்து நிறத்தை நீக்கக் கற்றுக்கொண்டன. தண்ணீர் தெளிந்துபோல் தோன்றியது. ஆனால் கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. கிணற்றுநீர் கரித்தது. முதலில் வாழை போயிற்று. அடுத்துத் தென்னையின் குருத்து கருகியது. அணையைத் திறக்கச் சொல்லிப் போராடவேண்டிய உழவர்கள், திறக்காதீர்கள் என்று போராடினார்கள்.

இதில் சொல்லக் கடினமான பகுதி வேறு. என் மாமா, அப்பிச்சியின் ஒரே மகன், நிலத்தை நம்பிப் பயனில்லை என்று 1980களிலேயே ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பகலெல்லாம் கொதிக்கும் தொட்டியின் அருகில் நிற்பார். மாலையில் நகக்கண்களில் நீலத்தோடு வீட்டுக்கு வருவார். அப்பிச்சி அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஆனால் என் கல்லூரிக் கட்டணத்தை மாமாதான் கட்டினார். பட்டறைக் கூலியிலிருந்து கட்டினார். அந்தப் படிப்பினால்தான் எனக்குத் தில்லியில் அரசு வேலை கிடைத்தது. அப்பிச்சியின் தென்னைகளைக் கருகச் செய்த அதே நீர் என்னைப் படிக்க வைத்தது. இந்தக் கணக்கை எப்படி எழுதுவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அப்பிச்சி 2008இல் மறைந்தார். உழவர்கள் தொடுத்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பல்லாயிரம் பேர் வேலையிழந்தனர், மாமாவும் இழந்தார். பின்னர், கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றக்கூடாது என்ற விதிமுறைப்படி சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்துக்கொண்ட பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. நீரில் பெரும்பகுதியையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள். அதற்கு மின்சாரமும் விறகும் பணமும் நிறையச் செலவாகின்றன. அந்தச் செலவைச் சட்டையின் விலையில் சேர்க்க எல்லா வாடிக்கையாளரும் ஒப்புவதில்லை என்று மாமா சொல்வார்.

கயல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை, அப்பா?" நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மாமா இப்போது ஒரு தையல் நிறுவனத்தில் காவலாளி. அங்கு எங்களை அழைத்துச் சென்று ஒவ்வொரு பகுதியாகக் காட்டினார். தையல் வரிசைகளில் பாதிப்பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். வாயிலருகே ஒரு பத்து வயதுச் சிறுமி நின்றாள். பெற்றோர் இருவரும் உள்ளே வேலை செய்வதாக மாமா கூறினார். கயல் அவளிடம் இந்தியில் பேச்சுக் கொடுத்தாள். அந்தச் சிறுமியோ, "நாங்க மதுபனிங்கக்கா. நான் இங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல அஞ்சாவது படிக்கிறனுங்க" என்று கொங்குத் தமிழில் பதில் சொன்னாள். தில்லியில் வாரத்துக்கு மூன்று வகுப்புத் தமிழ் படிக்கும் என் மகள் திகைத்துப்போனாள். பிறகு இருவரும் ஒரு விளையாட்டை உண்டாக்கினார்கள்: சிறுமி தமிழில் கேட்பாள், கயல் இந்தியில் விடை சொல்வாள். சுவரில் எழுதியிருந்த 'ஆட்கள் தேவை' என்ற விளம்பரத்தைக் கயலைவிட வேகமாக அவள்தான் படித்தாள்.

மறுநாள் ஊருக்குப் போனோம். நிலம் பெரும்பாலும் சீமைக்கருவேலமாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் மாட்டுத் தீவனச் சோளம் போட்டிருந்தார்கள். மாமா கிணற்றில் ஒரு வாளி நீர் சேந்தி வைத்தார். கயல் ஒரு கை அள்ளி வாயில் வைத்து, முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

"மழைக்காலத்துல கொஞ்சம் தேவலை, கண்ணு" என்றார் மாமா, தாமே அதற்குப் பொறுப்பு என்பதுபோல.

கயல் பையிலிருந்து அட்டைத்தாளை எடுத்துக் கிணற்றுத் திட்டின் மேல் விரித்தாள். காற்றில் பறக்காமல் நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். தூத்துக்குடியிலிருந்து திருப்பூரில் வந்து நின்ற சாம்பல் கோட்டை அவள் மேலும் கிழக்கே இழுத்தாள். அணையைக் கடந்து எங்கள் ஊர் வந்ததும் ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்தில் 'கிணறு' என்று தமிழில் எழுதினாள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். "ஆனா இங்கயே நிக்கலியே, கண்ணு" என்று சொல்லிப் பென்சிலைக் கேட்டு வாங்கினார். நகக்கண்ணில் நீலம் எப்போதோ போய்விட்ட அந்த விரல்களால், புள்ளியிலிருந்து மெல்லக் கோட்டை நீட்டி, காவிரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார்.